பட்டணத்துத் திரிவேணி

நம் நாட்டில் நதிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் புத்திசாலிகள். குடகு மலையில் காவேரி என்றால் பூம்புகாரிலும் அது காவேரிதான். கரையில் கொடி நாட்டி ஆண்டவர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். நதியின் பெயர் மாறவில்லை. நீராட வந்தவனைப் பார்த்து, "இந்தத் துறை எந்த இலாகாவைச் சேர்ந்தது, தெரியுமா?" என்று எந்த நதியும் கேட்டதில்லை.

ரயில் பாதைகளுக்குப் பெயர் வைக்கிறவர்களின் வழி வேறு. பாதையைப் போட்டது யார், பணம் கொடுத்தது யார், வண்டியை ஓட்டுகிறவர்கள் யார் என்று பார்த்து அவர்கள் பெயர் வைக்கிறார்கள். அதனால் ஒரே பட்டணத்தில், கூப்பிடு தூரத்துக்குள் ஓடும் ரயில்களுக்குத் தனித்தனிப் பெயர், தனித்தனிச் சீட்டு, தனித்தனிச் சட்டம், தனித்தனி மந்திரி என்று ஆகிவிடுகிறது. பிரயாணியோ, வீட்டிலிருந்து காரியாலயத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் வந்தவர். இந்த விசித்திரத்தை நேரில் காண விரும்பும் வாசகர்கள் தூர தேசம் போக வேண்டாம். சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால் போதும்.

அங்கே நின்று நான்கு புறமும் பார்த்தால் ஒரு ஸ்டேஷன் அல்ல, ஐந்து ஸ்டேஷன்கள் இருப்பது தெரியும். மணிக்கூண்டோடு செக்கச் செவேலென்று நிற்பது 1873-ம் வருஷத்திலிருந்து ஊருக்கு வருகிறவர்களை வரவேற்கும் சென்ட்ரல். அதை ஒட்டினாற்போல் மேற்கே இருப்பது மூர் மார்க்கெட் வளாகம். 1985-ல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த அந்தக் கட்டடத்திலிருந்து அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் மின்சார ரயில்கள் புறப்படுகின்றன. சாலையைத் தாண்டித் தெற்கே போனால் "பூங்கா" ஸ்டேஷன். தாம்பரம் போகிறவர்களுக்கு அது. அதன் பக்கத்திலேயே "பூங்கா நகர்" என்று இன்னொரு ஸ்டேஷன்; மயிலாப்பூரும் வேளச்சேரியும் போகிறவர்களுக்கு அது. பூங்காவுக்கும் பூங்கா நகருக்கும் உள்ள வித்தியாசத்தை வெளியூரிலிருந்து முதல் தடவை வந்த மாமனாருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ரயில் போய்விடும். இவை போதாவென்று காலுக்கு அடியில், பூமிக்குள்ளே, மெட்ரோ ஸ்டேஷன் ஒன்று.

பிரயாகையில் கங்கையும் யமுனையும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதான சரஸ்வதி பூமிக்குள் மறைந்து ஓடுகிறாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சென்னையிலும் அப்படியே. மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவது பாதாளத்தில் ஓடுகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பிரயாகையில் மூன்று நதிகளும் கலந்துவிடுகின்றன. இங்கே அவை கலக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே நெடுங்காலம் நிர்வாகம் நடந்திருக்கிறது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் பழையது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் சென்னையில் இரண்டு ரயில் கம்பெனிகள் இருந்தன. சென்ட்ரல் பக்கம் மதராஸ் அண்டு ஸதர்ன் மராட்டா கம்பெனியுடையது, அகலப் பாதை. எழும்பூர்ப் பக்கம் சவுத் இந்தியன் கம்பெனியுடையது, மீட்டர் பாதை. பங்காளிகள் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொள்வதுபோல் அவர்கள் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியே ஸ்டேஷன் கட்டிக்கொண்டார்கள். 1944-ல் இரண்டு கம்பெனிகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1951-ல் இரண்டும் தெற்கு ரயில்வே என்ற ஒரே குடும்பத்தில் சேர்ந்தன. கம்பெனிகள் போய்விட்டன, அவர்கள் நடுவில் விட்ட சாலையை மட்டும் பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு இன்னும் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் மூத்த நதியைப் பார்ப்போம். பம்பாயில் 1925-ல் முதல் மின்சார ரயில் ஓடியது. ஆறு வருஷத்துக்குப் பிறகு, 1931-ல், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. அப்போது மாம்பலம் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்த இடம்; தாம்பரம் தனி ஊர். ஆகையால் அதைப் "புறநகர்" ரயில் என்று வகைப்படுத்தியது பொருத்தமாகவே இருந்தது. இன்றைக்கு மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் நாலு அடி எடுத்து வைத்துப் பாருங்கள். "இது பட்டணத்துக்குப் புறம்பான இடம்" என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? ஊர் வளர்ந்து ரயிலை விழுங்கிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு புறம், அதே பெயர் தாங்கிய ரயில் 60 கிலோமீட்டருக்கு அப்பால் செங்கற்பட்டுக்குப் போகிறது. வடக்கே ராஜ்ய எல்லையையே தாண்டி ஆந்திராவில் உள்ள சூலூர்ப்பேட்டைக்கும் போகிறது. ஒரு ராஜ்யத்தின் ஊர் மற்றொரு ராஜ்யத்தின் தலைநகருக்குப் புறநகராக இருக்கும் அதிசயம் ரயில்வே அட்டவணையில்தான் நிகழக்கூடும்!

ஆனால் பெயரில் என்ன இருக்கிறது? அந்த ரயிலில் ஏறிப் பார்த்தால் பட்டணமே அதில் இருக்கிறது. மாசச் சீட்டு வைத்திருக்கும் குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவிகள், கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளிகள், பூக்கூடையும் கீரைக் கட்டுமாக வரும் அம்மாமார்கள். கூடைக்காரர்களுக்கென்று வண்டியில் தனி அறையே உண்டு. சுமையையும் சுமப்பவரையும் சேர்த்துப் பிரயாணியாக மதித்த ஏற்பாடு அது.

இனி இரண்டாவது நதி. பூங்கா நகரில் ஏறிக்கொள்வோம். அங்கே வண்டி தரையில்தான் நிற்கிறது. சிந்தாதிரிப்பேட்டையை நெருங்கும்போது மெள்ள மெள்ள எழும்பி, மாடி வீடுகளின் ஜன்னல்களுக்குச் சமமாகப் போகத் தொடங்குகிறது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம் தெரிகிறது. திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை என்று ஸ்தலயாத்திரை போவதுபோல் ஸ்டேஷன்கள் வருகின்றன. கீழே பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் படகுகள் போன அந்த நீர்வழியில்தான் இந்தப் பாதையின் தூண்கள் பல கால் ஊன்றியிருக்கின்றன. பசுமைவழிச் சாலையைத் தாண்டியதும் அடையாற்றைக் கடக்கிறோம். காற்று ஜில்லென்று வீசுகிறது. பிறகு கோட்டூர்புரம், திருவான்மியூர், தரமணி, முடிவில் வேளச்சேரி. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். சென்னையை இவ்வளவு அழகாக, இவ்வளவு மலிவாகக் காட்டக்கூடிய வாகனம் வேறு இல்லையென்றே சொல்லலாம்.

இந்த ரயிலுக்குச் சர்க்கார் வைத்த பெயர் எம்.ஆர்.டி.எஸ். அந்த நான்கு எழுத்துக்களின் விரிவைக் கேட்டால் அதில் தினமும் போகிறவர்களில் பலர் விழிப்பார்கள். ஜனங்கள் தாங்களாகவே வேறு பெயர் வைத்தார்கள்: பறக்கும் ரயில். எந்த விளம்பர நிபுணரும் யோசித்துச் சொல்லாத பெயர். ஒரு காசும் செலவில்லாமல் கிடைத்த பெயர். குழந்தைகளுக்கும் புரியும் பெயர். அப்படி ஒரு பெயர் அமைய எத்தனையோ பட்டணங்கள் தவம் கிடக்க வேண்டும்.

பெயர் பறந்தது, வேலை தவழ்ந்தது. 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் திருமயிலை வரை, 2004-ல் திருவான்மியூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை என்று பாதை நீண்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர்தான். அதைச் சேர்த்துவிட்டால் பறக்கும் ரயில் தாம்பரம் ரயிலோடு கைகோத்துக்கொள்ளும். ஆனால் அந்த 5 கிலோமீட்டர், நிலத் தகராற்றினால் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. ஸ்டேஷன்களை மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள். அவற்றின் விசாலமான கூடங்களில் பெரும் பகுதி கடைகளும் காரியாலயங்களும் வராமல் நெடுங்காலம் காலியாகவே கிடந்தது. இருட்டியபின் பெண்கள் தனியே போகத் தயங்கும் இடங்கள் என்ற பெயரும் சிலவற்றுக்கு வந்தது. முதல் பகுதிக்கு ரயில்வே பணம் போட்டது, இரண்டாம் பகுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு ராஜ்ய சர்க்கார் போட்டது, ஓட்டுவதோ ரயில்வே. இரண்டு தாயார் வளர்த்த பிள்ளை. ஒருவர் சோறு போட்டிருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டால் பிள்ளை கதி என்ன?

மூன்றாவது நதியான மெட்ரோவைப் பரங்கிமலையிலிருந்து பார்க்கலாம். பச்சை வழி என்று அதற்குப் பெயர். ஆலந்தூரில் அது நீல வழியைச் சந்திக்கிறது. வடபழனி, கோயம்பேடு வரை ஆகாயத்தில் போய், திருமங்கலம் வருவதற்குள் பூமிக்குள் இறங்கி, எழும்பூர் வழியாகச் சென்ட்ரலுக்கு வந்து சேருகிறது. குளிர்ந்த வண்டி, நகரும் படிக்கட்டு, சுரங்க ஸ்டேஷன்களில் வண்டி வந்து நின்றபின் திறக்கும் கண்ணாடிக் கதவுகள். 2015-ல் தொடங்கி, 2019-ல் முதல் கட்டம் முடிந்து, 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டு, மொத்தம் சுமார் 54 கிலோமீட்டர் ஆயிற்று. இதை நடத்துவது மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் பாதிப் பாதி பங்கு போட்டு 2007-ல் அமைத்த தனிக் கம்பெனி.

"மெட்ரோ என்றால் என்ன? மற்ற ரயிலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று வீட்டில் குழந்தைகள் கேட்டால் என்ன சொல்வது? சொல்லின் பிறப்பைப் பார்த்தால், 1863-ல் லண்டனில் பூமிக்கடியில் ஓடிய ரயில் கம்பெனியின் பெயர் மெட்ரோபாலிடன். 1900-ல் பாரிஸ்காரர்கள் அதே வார்த்தையைச் சுருக்கி மெட்ரோ ஆக்கினார்கள். இலக்கணத்தைப் பார்த்தால், மற்ற ரயில்களோடு கலக்காத தனிப் பாதை, சாலைக் குறுக்கீடு இல்லாமை, அடிக்கடி வண்டி. இந்த இலக்கணப்படி பார்த்தால் நம் பறக்கும் ரயிலும் மெட்ரோதான்! தனிப் பாதை இருக்கிறது; லெவல் கிராஸிங் இல்லை. அடிக்கடி வண்டி விடுவது ஒன்றுதான் பாக்கி.

சரி, ரயில்வே இலாகா நடத்துவதால் அதற்கு மெட்ரோ என்ற பெயர் வரவில்லை என்று நினைக்கலாமா? அதுவும் இல்லை. நாட்டின் முதல் மெட்ரோவான கல்கத்தா மெட்ரோவை 1984-ல் ஓட்டத் தொடங்கியது இந்திய ரயில்வேதான். 2010-ல் அதை ரயில்வேயின் 17-வது மண்டலமாகவே ஆக்கினார்கள். ஆக, ரயில்வே நடத்தினால் கல்கத்தாவில் மெட்ரோ, சென்னையில் எம்.ஆர்.டி.எஸ்.! டில்லிக்குப் பக்கத்தில் இன்னும் வேடிக்கை. மீரட் பாதையில் தனிக் கம்பெனி ஒன்று நடத்தும் வேக ரயிலுக்கு 2023-ல் "நமோ பாரத்" என்று பெயரிட்டார்கள். மறு வருஷம் குஜராத்தில் அகமதாபாத்துக்கும் புஜ்ஜுக்கும் இடையே ரயில்வே விட்ட வேறொரு வகை ரயிலுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். ஒரே குணமுள்ள ரயில்களுக்கு வெவ்வேறு பெயர். வெவ்வேறு குணமுள்ள ரயில்களுக்கு ஒரே பெயர்.

மந்திரிகளின் கணக்கு இதைவிட ரஸமானது. மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் ரயில்வே மந்திரிக்கு உட்பட்டவை. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் அவற்றுக்கு. சென்னை மெட்ரோ, மத்தியில் வீட்டு வசதி, நகர விவகார மந்திரியைச் சேர்ந்தது. 2002-ம் வருஷத்து மெட்ரோ சட்டம் அதற்கு. ஆனால் மூன்றையும் சோதித்து, "இது பத்திரமான பாதை; ஜனங்களை ஏற்றலாம்" என்று அத்தாட்சி அளிக்கும் பாதுகாப்புக் கமிஷன் இருக்கிறதே, அது விமானப் போக்குவரத்து இலாகாவில் இருக்கிறது! ரயிலை ஓட்டுகிறவரே ரயிலுக்கு நற்சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணத்தினால் 1941-ல் செய்த பிரிவினையின் பலன் அது. "பறக்கும் ரயில்" என்று பெயர் வைத்த நம் ஜனங்களுக்கு இந்த ரகசியம் எப்படியோ தெரிந்திருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, பெயர் சூட்டுவதே வீண் வேலை என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. லண்டனில் யாரும் பொருட்படுத்தாமல் கிடந்த சில பழைய ரயில் பாதைகளை அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் 2007-ல் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. "ஓவர்கிரவுண்ட்" என்று பெயரிட்டு, ஆரஞ்சு வர்ணம் பூசிற்று. ஆனால் வர்ணத்தோடு நிற்கவில்லை. ஸ்டேஷன்களில் விளக்குப் போட்டு, வண்டி ஓடும் நேரமெல்லாம் ஆள் போட்டது, வண்டிகளை அதிகமாக்கிற்று, சுரங்க ரயிலில் செல்லும் அட்டையே அதிலும் செல்லும்படி செய்தது, எல்லாப் பாதைகளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டிற்று. கைவிடப்பட்டிருந்த பாதையில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். 2024-ல் அதன் ஆறு கிளைகளுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் பெயர் ஒன்றுக்கு, கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தவர்களின் நினைவு ஒன்றுக்கு. வேலை நடந்த பிறகு வைத்த பெயர் ஆகையால் அது அலங்காரமாக நின்றது. வேலை நடக்காமல் வைக்கும் பெயர் வெறும் தகரப் பலகை.

சென்னையிலும் இப்போது சங்கமத்துக்கான முகூர்த்தம் நெருங்கியிருக்கிறது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கே கவனிக்க ஒரு குழுமம் வேண்டுமென்று 2010-ல் சட்டம் செய்தார்கள். அதன் முதல் கூட்டம் 2022-ல் நடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சிபோல் அது பூத்தாலும், பூத்தது சந்தோஷமே. 2025-ல் "சென்னை ஒன்று" என்ற கைப்பேசிச் செயலி வந்தது. அதில் ஒரே சீட்டு எடுத்து மூன்றிலும் போகலாம். அதே வருஷத்தில், பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ கம்பெனியிடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் கொள்கை அளவில் சம்மதம் தந்தது. காலியாகக் கிடந்த கூடங்களில் விளக்கு எரியும், வண்டிகள் அடிக்கடி வரும், படிக்கட்டுகள் நகரும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. மனப்பூர்வமாக வரவேற்க வேண்டிய காரியம்.

ஆயினும் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லி வைக்க வேண்டும். 1917-ல் காந்தி மகான் மூன்றாம் வகுப்பு ரயில் பிரயாணிகளின் அவஸ்தையைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். தேசத்தின் சுபிட்சத்தை முதல் வகுப்பு மெத்தையில் உட்கார்ந்து அளக்க முடியாது என்பதை நமக்குக் கண் திறந்து காட்டியவர் அவர். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே ரயில்வேயிலிருந்து மறைந்தது. சென்னை மெட்ரோவிலும் ஆரம்பத்தில் இரட்டைக் கட்டணத்தில் ஒரு விசேஷ வகுப்பு இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் வண்டிக்குள்ளிருந்து வெளியேற்றிய வகுப்பு, வண்டிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? மின்சார ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் மிகக் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய். 2025-ல் வந்த குளிரூட்டிய புறநகர் ரயிலில் 35 ரூபாய். முன்பு ஒரே ரயிலில் மூன்று வகுப்பு இருந்தது. இப்போது மூன்று ரயிலே மூன்று வகுப்பாகிவிடக் கூடாது.

கட்டணம் ஒன்று, சுமை மற்றொன்று. மெட்ரோவில் சாமான்களுக்கு அளவு உண்டு. சுரங்கத்துக்கும் நகரும் படிக்கட்டுக்கும் அது அவசியமாக இருக்கலாம். ஆனால் மயிலாப்பூர் மாடவீதிகளில் விடியற்காலையில் மணக்கும் பூவும், நம் சமையலறைக்கு வரும் கீரையும், கூடையில் ஏறித்தான் ரயிலில் வருகின்றன. ரயிலின் பெயர் மாறி, வர்ணம் மாறி, வாசலில் கண்ணாடிக் கதவு வந்த பிறகு, அந்தக் கூடைக்காரியை எந்த வகையில் சேர்க்கப் போகிறார்கள்? பிரயாணியாகவா, சுமையாகவா?

இரண்டாம் கட்ட மெட்ரோவில் இன்னும் மூன்று வழிகள் வரப்போகின்றன. திருமயிலையில் பூமிக்குள் ஆழத்தில் இரண்டு வழிகள் சந்திக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். பாதைகளும் படங்களும் வர்ணங்களும் பெருகட்டும். அவை பெருகப் பெருக நம் பட்டணத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் திட்டங்களை வகுக்கும் மேஜையில், அட்டவணைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பக்கத்தில், 5 ரூபாய்ச் சீட்டு ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம். அது செல்லும் வரையில்தான் அந்த ரயில் நம் எல்லோருடைய ரயில்.